மேட்டூர்க் கொடுவா

ஐம்பத்தாறாம் வருஷம் மார்ச் இருபத்து மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மேட்டூர் அணைத் தண்ணீரில் ஒரு கொடுவா மீன் பிடிபட்டது. எடை ஆறு ராத்தல். கொடுவா கடல் மீன். கடல் அங்கிருந்து நூற்று முப்பது மைல். நடுவில் இருநூறடி உயரத்துக்கு அணைச்சுவர் வேறு. பிடித்தவன் ரசாயன ஆலையில் ஃபிட்டராக இருந்த யாகப்பன். அவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கொடுவாவுக்குத்தான் தூண்டில் போட்டிருந்தான். கெளுத்தி வந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பான்.

எல்லாம் அவன் மனைவி ஆரோக்கியத்துக்காக. அவள் வேம்பாற்றுக் கடற்கரைப் பெண். ஐம்பத்து நாலில் பெண் பார்க்கப் போனபோது, உங்கள் ஊரில் தண்ணீர் உண்டா என்று கேட்டார்கள். கடலாட்டம் கிடக்கிறது என்றான் யாகப்பன். சேலத்துப் பக்கம் எல்லோரும் அணையை அப்படித்தான் சொல்வார்கள். கடலைப் பார்த்தவர்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் ஆரோக்கியம் அணைக்கரையில் வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"இதுதான் கடலா? அலை எங்க?"

"காத்தடிச்சா வரும்."

வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வேதக்காரர்கள் கறி தின்னக்கூடாது, மீன் தின்னலாம். அணை மீனை வாயில் வைத்ததும் சேற்று நாற்றம் என்று துப்பினாள். அதனால் வெள்ளிதோறும் கஞ்சி. கஞ்சி குடித்த கையோடு டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்குவாள். சனிக்கிழமை கோபம் ஆறி வெளியே எடுத்து வைப்பாள். ஐம்பத்தாறு தவக்காலத்தில் சனிக்கிழமை வந்தும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் அண்ணன் அமிர்தசாமி வந்து கூட்டிப்போவான், திரும்பி வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

சீமைக்குப் போன வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் யாகப்பனிடம் ஒரு தகரப்பெட்டியை விட்டுப் போயிருந்தார். தூண்டில் முட்கள், முள்ளைக் கவ்விக்கொள்ளும் விரலளவு வைஸ், இறகு கட்டிப் பொய்ப் பூச்சி செய்வதைப் படம்போட்ட புத்தகம். அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. படத்தில் ஒரு மீன் ஆரோக்கியம் சொல்லும் கொடுவா ஜாடையில் இருந்தது, அது போதும். கொடுவா பூச்சியைச் சீந்தாது, சிறுமீனைத்தான் துரத்தும் என்பதை அவள் புலம்பலிலிருந்தே தெரிந்துகொண்டான். ஆகவே சிறுமீன் மாதிரியே கட்டினான்: வயிற்றுக்கு வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு, முதுகுக்கு மயிலிறகு, கண்ணுக்கு ஆலையின் கறுப்புப் பெயிண்ட், நூல் வழுக்காமலிருக்கக் கோயில் மெழுகுவத்தித் துண்டு. செதில் மினுக்கத்துக்குக் குமாரபாளையத்துத் தறிக்காரர் குழந்தைவேல் கழிவுச் சரிகை கொடுத்தார். "ஏனுங்க, மீனுக்குக் கண்ணாலமுங்களா? சரிகையெல்லாம் போடறீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

நாலு வெள்ளி ஒன்றும் கடிக்கவில்லை. நனைந்ததும் இறகு ஈரத்துணி போல முள்ளோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே விறைப்பாக ஏதாவது வேண்டும். சுவரில் சிலுவைக்குப் பின்னால் ஒரு குருத்தோலை செருகியிருந்தது. குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தருவார்கள். மறுவருஷம் கோயிலில் திருப்பிக் கொடுத்தால் சாம்பல் புதனுக்கு எரிப்பார்கள். கொடுக்க மறந்த ஓலை என்று நினைத்து, ஒரு கீற்றுக் கிழித்து உள்ளே வைத்துக் கட்டினான். அது மறந்த ஓலை இல்லை. ஆரோக்கியம் வேம்பாற்றுக் கோயிலிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அந்தப் பொய்மீன் விழுந்த இடத்தில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் உப்பாயிற்று. கொடுவா வந்தது.

ஆரோக்கியம் செவுளைப் பிரித்து முகர்ந்தாள். அம்மியில் மிளகாயை வைத்தாள். மூன்று வாய் சோறு தின்றபிறகுதான் பொய்மீனுக்குள்ளிருந்த ஓலை அவள் கண்ணில் பட்டது.

"யாரக் கேட்டு என் ஓலைய வெட்டுனீங்க?"

"போன வருசத்து ஓலைன்னு நெனச்சேன்."

"இன்னும் ஒரு சாண் கெடக்கு. பாத்து வெட்டுங்க."

ஈஸ்டருக்கு மறுநாள் அமிர்தசாமி வந்தான். அடுத்த வெள்ளி பார்த்துவிட்டு வருகிறேன் என்று தங்கை அனுப்பிவிட்டாள். இப்படி மூன்று தடவை அலைந்தபின் அவன் வரவில்லை. மீன்துறை ஓவர்சியர் வந்து பார்த்தார். அவருடைய பதிவேட்டில் கொடுவாவுக்கு இடம் இல்லாததால் 'கெண்டை, உப்பு' என்று எழுதிக்கொண்டார். தண்ணீர் கரிப்பதாகச் சிலர் போட்ட மனுவுக்கு, அணை முழுக்கச் சராசரி பார்த்தால் இனிப்புத்தான் என்று பதில் வந்தது.

கிறிஸ்துமஸோடு ஓலை தீர்ந்தது. யாகப்பன் உள்ளூர்க் கோயில் ஓலையை வைத்துக் கட்டிப் பார்த்தான், கெளுத்தி வந்தது. மறுபடி வெள்ளிக்கிழமைக் கஞ்சி. ஐம்பத்தேழில் குருத்து ஞாயிறுக்கு முன்பே ஆரோக்கியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைச் சுமந்தவன் யாகப்பன்தான். எல்லாச் சேலையும் உள்ளே இருப்பது கனத்திலேயே தெரிந்தது. பெரிய வெள்ளியன்று தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

ஈஸ்டர் கழிந்து அமிர்தசாமியின் கார்டு வந்தது. தங்கை அங்கே மீனைத் தொட மாட்டேன் என்கிறாளாம். வலையிலிருந்து இறக்கிய கொடுவாவைக் குழம்பு வைத்துக் கொடுத்தால், மேட்டூர்க் கொடுவா மாதிரி இல்லை, கரிக்கிறது என்று ஒதுக்கிவிட்டாளாம். அங்கே அப்படி என்ன கடல் இருக்கிறது மாப்பிள்ளை என்று கேட்டிருந்தான். அணைதான், காற்றடித்தால் அலை வரும் என்று யாகப்பன் பதில் போட்டான்.

அந்தக் கார்டு போய்ச் சேருமுன் ஆரோக்கியம் வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்தால் முழுக்கக் குருத்தோலை.

"சீலை எங்க?"

"ஓலைக்கே எடம் பத்தல. அங்கயே குடுத்துட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு வருஷம் ஒரு பெட்டி ஓலை. அறுபத்தாறில் திருச்சபை வெள்ளிக்கிழமை விதியைத் தளர்த்தியபோது யாகப்பன் ஆசையாக ஆட்டுக்கறி வாங்கிவந்தான். அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கொடுவாவை நறுக்கினாள். அந்த வருஷம் முதல் அணையில் காற்றில்லாத நாளிலும் அலை அடித்தது. பரிசல்காரர்கள் பரிசல்களை நாலடி மேலே இழுத்துக் கவிழ்த்தார்கள்.