வலது மூலைச் சொல்

அந்த அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் ஐந்து பேர். ஐவருக்கும் எதிரே சுவரில் ஓர் அட்டை தொங்கும். அதில் பதினோரு இங்கிலீஷ் வினைச்சொற்கள். இன்சைட் என்றால் தூண்டிவிடுவது. ப்ரொவோக் என்றால் சீண்டுவது. இன்ஃப்ளேம் கொளுத்திப் போடுவது, ஷேம் கூனிக் குறுக வைப்பது, மூவ் உருக்குவது. நன்கொடை கேட்டோ ஆதரவு கேட்டோ யார் எழுதித் தரச் சொன்னாலும், பதினொன்றில் ஒன்றைத் தேர்ந்து தாளின் வலது மூலையில் பென்சிலால் குறித்த பிறகுதான் முதல் வரியைத் தொடங்க வேண்டும். தட்டச்சு செய்பவர் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்.

"ஏன் சார் இங்கிலீஷ்ல?" என்று சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள்.

"தமிழ்ல எழுதிப் பாரும்மா, கை கூசும். இங்கிலீஷ்னா ஏதோ மருந்துப் பேரு மாதிரி போயிடும்" என்றார் மேலாளர். அடுப்பே இல்லாத இடத்திலும் நெருப்பை எழுப்பிவிடுவார் என்பதால் அவருக்கு ஊதுகுழல் என்று பெயர்.

ஒன்பது வருடத்தில் அவளுக்குக் கை கூசுவது நின்றுபோயிருந்தது. அந்தத் திங்கட்கிழமை வரை.

தீக்காயம் பட்ட ஒரு குழந்தைக்காக அவள் எழுதியதை ஊதுகுழல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திருப்பித் தந்தார்.

"உப்புச் சப்பில்லாம இருக்கே. அந்தக் கட்டு மேல ஒரு ஈ உக்காரட்டும்."

"ஃபோட்டோல ஈ இல்லையே சார்."

"இல்லைன்னு எனக்கும்தான் தெரியும். உக்காரட்டும்னு சொல்றேன்."

உட்கார வைத்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"என்னக்கா, ஈய நசுக்கிட்டீங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள்.

அன்று மாலை, அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு வருடமாக அவன் அவளுடைய போனை எடுப்பதில்லை. ஒருமுறை அவனை வீட்டுக்கு வரவழைக்க, "அம்மா சாகக் கிடக்கிறாள்" என்று எழுதிவிட்டாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தவனுக்குக் கதவைத் திறந்தது அம்மாதான், கையில் கரண்டியோடு. அன்றைக்குத் திரும்பிப் போனவன் போனவன்தான். இப்போது உண்மையாகவே புலி வந்திருந்தது. சர்க்கரை முற்றி அம்மாவின் இடது கால் அழுகிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை எடுக்கப் போகிறார்கள். "அவன் மூஞ்சியப் பாக்காம நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்" என்று அம்மா பிடிவாதமாகக் கிடந்தாள். அவன் வராவிட்டால் அறுவை நடக்காது. நடக்காவிட்டால் அம்மா இல்லை.

மூன்று பக்கம். பாதி எழுத்தைக் கண்ணீரே அழித்தது. மடித்து, ஒட்டி, தபாலில் போட்டாள்.

சனிக்கிழமை அதே கடிதம் திரும்பி வந்தது. முதல் பக்கத்து வலது மூலையில், அவளுடைய கையெழுத்தில், பென்சிலில்: மூவ். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அந்த அட்டையைப் பற்றி ஒரு காலத்தில் வீட்டில் பெருமையடித்தவளே அவள்தான். வட்டத்துக்குக் கீழே தம்பி ஒரே வரி எழுதியிருந்தான்: "அம்மாவையாவது விட்டு வைத்திருக்கலாம்."

எப்போது எழுதினோம் என்றே அவளுக்கு நினைவில்லை; கை தானாக எழுதியிருக்கிறது. கடிதத்தை முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "கால் கட்டின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது, விரட்ட அம்மாவுக்குத் தெம்பில்லை." ஈயைப் பார்த்தோமா, உட்கார வைத்தோமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

புதுத் தாளை எடுத்தாள். "வியாழன் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குக் கால் எடுக்கிறார்கள்." அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உடனே காதுக்குள் ஊதுகுழலின் குரல்: "அடடா, இதுதாம்மா எழுத்து! ஒத்த வரியில குத்திட்டியே!" ஏதோ அழுகியதைத் தொட்டவள் போல அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, தம்பி மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைக்கு நேரில் போனாள். அவன் செம்புக்கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க அக்கா வந்திருக்கா. எல்லாரும் கர்ச்சீஃப எடுத்து வச்சுக்கங்கப்பா."

வந்த அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கினாள். இப்போது அழுதால் அதையும் நடிப்பென்றுதான் எடுத்துக்கொள்வான்.

"வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆபரேஷன்டா. நீ வந்தாத்தான் உள்ள போவேன்னு அம்மா அடம் புடிக்குது."

"இதுக்கு எந்தச் சொல்லு? அட்டையில இருக்கா?"

"இல்லடா."

"அந்த ஈ?"

"எந்த..."

"ரெண்டாம் பக்கத்து ஈ. அது நிஜமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் வந்துவிடுவான் என்றும் அவளுக்குத் தெரியும்.

"தெரியலடா. இருந்துச்சா, நான்தான் வச்சேனான்னு எனக்கே தெரியல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான், ஊசிப்போன சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதுபோல.

"சீ" என்றான். பிறகு, "வரேன். அம்மாவுக்காக. ஆனா நீ அங்க இருக்கக் கூடாது. உன்னப் பாத்தா அந்தக் கால்கூடப் பொய்னு தோணும்."

"சரிடா."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்க மருந்துக்கடை நிழலில் ஒதுங்கி நின்றாள். ஏழரை மணிக்குத் தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். ஆள் வந்துவிட்டான். அலுவலகமாக இருந்தால் ஊதுகுழல் அந்தக் கடிதத்துக்கு ஒரு டிக் போட்டிருப்பார்.

இரண்டாம் மாடியில் அம்மாவின் வார்டை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றுவிடாமல் எல்லா ஜன்னலுக்கும் வலை. அம்மாவை அங்கே சேர்த்த அன்றே, கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னல் வலையின் கொக்கியை இறுக்கி மாட்டியது அவள்தான், ஈ மொய்க்கக் கூடாதென்று.

வாயில் ஊறிய எச்சிலைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அங்கேயே நின்றாள்.