இரவல் ஸ்பீக்கர்

இரண்டாவது ஸ்பீக்கரையும் கழற்றச் சொல்லிவிட்டார் அப்பா. மகள் கிடார் ஆம்பின் பின்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் காந்தத்தைத் தாங்கிக்கொண்டு மறுகையால் திருகுகளைத் தளர்த்தினாள். வால்வுகளின் சூடு முழங்கையில் அடித்தது.

"இதுக்கு என்னப்பா குறை?"

"கம்பளியைப் போத்திக்கிட்டுப் பேசுது."

"முதல்ல போட்டதையும் இதையேதான் சொன்னீங்க."

"அது ரெண்டு கம்பளி."

கட்டிலில் படுத்தபடி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா சமையலறையிலிருந்து வந்து முதுகைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனாள்.

இந்த வாரத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவிடமே சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தவர் மாதிரி அப்பாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவரிடம் மறைத்து வைத்திருந்தது சாவை அல்ல, காதை.

ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் கிடார் வாசித்தே காலத்தை ஓட்டியவர் அவர். மென்றுகொண்டிருப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காதபடி வாசிப்பதுதான் வேலை. இந்த வால்வு ஆம்ப் அப்போது வாங்கியது. மகளைவிட மூத்தது. போன மாதம் படுக்கையில் சாய்ந்தபடி கிடாரின் கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு மீட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் செத்துவிட்டது என்றார். அதிலிருந்த மணிச் சத்தம் போய்விட்டதாம். வேறு மாட்டினால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றார்.

பழைய ஸ்பீக்கரை அவள் சோடாபுட்டியின் கடைக்குக் கொண்டுபோனாள். ரிப்பேர்க்காரருக்கு மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். அதன் முனைகளில் ஒரு பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். காகிதக் கூம்பு துள்ளியது. விரல்களால் மெல்ல அழுத்தினார். உள்ளே சுருள் எங்கும் உரசவில்லை.

"கிழியல, உரசல. கல்லு மாதிரி இருக்கு, தங்கச்சி." பிறகு தன் காதைத் தொட்டார். "கோளாறு மாஸ்டருக்குத்தான். கிணுகிணுன்னு வர்ற சத்தமெல்லாம் இனிமே அவருக்குக் கேட்காது. வயசு. போதாததுக்கு இத்தனை மாத்திரை."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சொல்றேன்? அடி வாங்குற வயசா எனக்கு?"

அவள் லிஃப்ட் மெக்கானிக். பழுதாகாத பாகத்தை மாற்றச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனாலும் மாற்றினாள். மின்தடையின் ஓம் அளவு ஒத்துப்போகிறதா, திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து சோடாபுட்டி இரண்டு ஸ்பீக்கர்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று பழசைப் போலவே இருந்தது. மற்றது அதைவிட இனிமை. சிக்கலே அதுதான். நல்லது எதுவும் அவர் காதுக்குள் போகவில்லை.

மூன்றாவதை அன்று காலை செய்தித்தாளில் சுற்றி சோடாபுட்டியே தூக்கிவந்தார். முன்னவை இரண்டையும்விடக் கொஞ்சம் எடை குறைவு, கூம்பு விறைப்பு.

"இதை எங்கண்ணே பிடிச்சீங்க?"

"கூட்டம் நடக்குற ஹால்ல, சுவத்துல இருந்தது. அறிவிப்புக்கு வச்சது. நாளைக் காலைல கூட்டம் இருக்கு, அதுக்குள்ள மாட்டிடணும். இல்லன்னா வாட்ச்மேன் என்னைத் தூக்கி அந்த ஓட்டைல வச்சிடுவான்." குரலைத் தாழ்த்தினார். "கேட்கச் சகிக்காது, தங்கச்சி. ஆனா இவர் வரைக்கும் போகும்னு தோணுது."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அதை உட்காரவைத்து, சட்டம் கோணாமலிருக்க எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். வயரைச் செருகி, ஆம்பைப் போட்டு, தனக்குத் தெரிந்த ஒரு கார்டை மீட்டினாள். தகரத்தை ரம்பத்தால் அறுத்தது மாதிரி இருந்தது. சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்தது. அம்மா பல் கூசிய முகத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

அப்பா எழுந்து உட்கார முயன்றார்.

"இதான்," என்றார். "இதான்டி. மணி மாதிரி."

"நிஜமாவாப்பா?"

"மூணாவது கம்பி இறங்கியிருக்கு. முதல்ல அதை ஏத்து."

இறங்கித்தான் இருந்தது. சரிசெய்து கிடாரை அவர் மடியில் படுக்கவைத்தாள். கம்பியை அழுத்த அவர் இடதுகையில் பலமில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் அழுத்திப் பிடித்தாள். அவர் கட்டைவிரலால் ஒவ்வொரு கம்பியாகத் தடவினார். அந்த அறுக்கும் சத்தத்தை நால்வரும் கேட்டார்கள். ஒருவர் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. சோடாபுட்டி, கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

கிடாரை எடுத்ததும் அவள் ஸ்விட்சுக்குக் கை நீட்டினாள்.

"அணைக்காதே. அந்த ஸ்ஸ்னு ஓடுற இரைச்சல் கேட்குது. எவ்வளவு நாளாச்சு."

ஓட்டல் மேனேஜர் ஒரு காலத்தில் அவரைத் திட்டித் தீர்த்தது அந்த இரைச்சலுக்காகத்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"பாப்பா, பழசை அவன் கொண்டுபோயிட்டானா?"

"இல்லப்பா. அலமாரி மேல இருக்கு."

"குடுத்துடாதே. அதுல ஒரு குறையும் இல்ல."

அவள் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதன் பிடியைத் துடைத்தாள்.

"ஒரு மாசமா இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்டக் கத்துறீங்க. உங்கம்மா மாத்திரை குடுக்கிறதைக் கேட்டா ஏலம் போடுற மாதிரி இருக்கு. எனக்குப் புரியாதா? என்னைப் பைத்தியக்காரன்னு நினைச்சியா?"

"தெரிஞ்சே எதுக்குப்பா இத்தனையைக் கழட்டி மாட்ட வச்சீங்க?"

"காதை மாத்த முடியாதே." கண்ணை மூடிக்கொண்டார். "நான் இருக்கிற வரைக்கும் இது இருக்கட்டும். அப்புறம் பழசையே மாட்டிடு. இந்தச் சனியனை உங்கம்மாவால தாங்க முடியாது."

"தூங்குங்கப்பா."

"தூங்கத்தான் போறேன். கத்தாதே."

மதியம் அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். தலைமாட்டில் நின்று ஒருமுறை கூப்பிட்டாள். இன்னொரு முறை, ஏலம் போடும் குரலில் கூப்பிட்டாள். பிறகு டம்ளரை ஆம்பின் மேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆம்பின் மேல் அதுவரை யாரையும் எதையும் வைக்க விட்டதில்லை அவர். மகள் டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். வெளியூரிலிருந்த மகளின் தம்பிக்கு ஃபோன் போனது. எப்படிப் பார்த்தாலும் நாளைக் காலைதான் வந்துசேர முடியும் என்று சொல்லி அழுதான். அதுவரை உடலை ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் வைக்க ஏற்பாடானது. வேன் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துவிட்டு, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"கேஸ் ஏதும் கசியுதா பாருங்க. ஸ்ஸுன்னு ஒரு சத்தம்."

"கசியல. அது அவரோடது," என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அம்மாள் எதற்கும் சமையலறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான்கு மணிக்கு மேல் சோடாபுட்டி வந்தார். விஷயம் கடைக்கே போயிருந்தது. கால்மாட்டில் நின்றுவிட்டு மகளைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த ஸ்பீக்கரை நினைச்சுக் கவலைப்படாதே, தங்கச்சி. ஹாலுக்கு வேற எதையாவது கட்டித் தொங்க விட்டுக்கறேன்."

"வேணாம்ணே. உங்களுக்கு வம்பு. அப்பாவே கழட்டச் சொல்லிட்டாரு." ஸ்க்ரூடிரைவர் அவள் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. சட்டென்று முடித்துவிடலாம். ஆம்பின் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"அவர் என்ன சொன்னார்?" கட்டில் ஓரத்திலிருந்து அம்மா கேட்டாள். நாளெல்லாம் அவள் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

"தான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு."

"அவர் இன்னும் இங்கதானே இருக்கார்."

சோடாபுட்டி நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளும் எழுந்திருக்கவில்லை, வால்வுகளின் வெளிச்சத்தைப் பார்த்தபடி தரையிலேயே இருந்தாள்.

வேன் வந்தது. மாடிப்படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் இடித்துக்கொண்டது. லிஃப்ட் இல்லாத கட்டடம். தலைப்பக்கம் தூக்கு, இப்போது இடதுபக்கம் சாய் என்று அவளே சொல்லிச் சொல்லி இறக்கினாள். கதவு மூடியது. தெரு முனை வரை பார்த்துவிட்டு மேலே வந்தபோது அம்மா ஆம்பின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இதுல எது?"

மகள் ஸ்விட்சைக் காட்டினாள். அம்மா அணைத்தாள். வால்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. இரைச்சல் உடனே நிற்கவில்லை. இறங்கி இறங்கி ஓய்ந்தது. அறைக்கு வெளியே சாலை ஓடுவது கேட்டது.

சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவள் திருகுகளைத் தளர்த்தத் தொடங்கினாள். காந்தத்துக்கு அடியில் அவள் கை போகுமுன் அம்மாவின் இரண்டு கைகளும் அங்கே இருந்தன.

"கனமா இருக்கும்மா."

"கழட்டு."

கடைசித் திருகு வந்ததும் ஸ்பீக்கர் பின்பக்கமாகச் சரிந்தது. அம்மாவின் முழங்கை லேசாக இறங்கி, நின்றது.