தனிக்குடித்தனம் போன தொட்டில்கள்

“கம்ப்யூட்டருக்குள்ள ராட்டினம் நிக்க வச்சா, அதுல யாருமா ஏறுவாங்க?” என்று திருவிழாக் குழுத் தலைவர் கலியாணசுந்தரம் கேட்டபோது முசரவாக்கம் ஊரே சிரித்தது. தேவிப்ரியா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போன தீமிதித் திருவிழாவில் அவள் அப்பா முனிசாமியின் ராட்டினத்தில் ஒரு தொட்டில் கிரீச்சிட்டு ஆடியது. பலமாக இருக்கிறதென்று காட்டினால்தான் இந்த வருஷம் இடம் என்று தலைவர் சொல்லிவிட்டார். தேவிப்ரியாவுக்கோ கார் சீட்டுகளின் பலத்தைக் கணினியில் சோதிக்கும் வேலை. லீவு நாட்களில் ராட்டினத்தை அளந்து, லேப்டாப்பில் பாகம் பாகமாக எழுப்பினாள். சேர்ந்தே இருக்கும் பாகங்களைக் குடும்பங்களாக்கினாள்: தூண்கள் ஒரு குடும்பம், சக்கரம் ஒரு குடும்பம். தொட்டில்களைச் சக்கரத்தின் பிள்ளைகளாகச் சேர்த்தாள்.

சுற்றவிட்டதுமே முனிசாமி தலையில் கை வைத்தார். “அய்யய்யோ, ஜனத்தையெல்லாம் கொட்டிட்டியேமா!”

உச்சிக்குப் போன தொட்டில்கள் தலைகீழாக நின்றன. தாய் திரும்பினால் பிள்ளையும் அப்படியே திரும்பும். கணினிக்கு அவ்வளவுதான் தெரியும். அவள் தொட்டில்களைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தாள். சக்கரத்தோடு உறவு இனி ஒரு இரும்புப் பின் வழியாக மட்டும். இப்போது சக்கரம் சுற்ற, தொட்டில்கள் நிமிர்ந்தே தொங்கின. ஆள் பாரத்தை ஏற்றினாள். பாரம் தாங்கிய இடமெல்லாம் நீலம், தாங்காத இடம் சிவப்பு: இரும்புப் பின் நுழையும், தொட்டிலின் காதுத் தகடு மட்டும்.

“கிரீச்சுன்னது இங்கதாம்பா. இதத் தடியாக்கணும்.”

திரையில் ஒரு தொட்டிலின் காதை மாற்றினாள், பன்னிரண்டும் மாறின.

“நீ ஒண்ணத் தட்டினா எல்லாம் மாறுது. நான் பன்னெண்டுக்கும் வெல்டு வச்சிக்கினு கெடக்கணும்” என்று முனகிக்கொண்டே அவர் வெல்டிங் மிஷினை இழுத்தார்.

சோதித்துக் காட்ட மைதானத்தில் ராட்டினத்தை நிறுத்திய அன்று, தலைவர் குழுவோடு வந்தார். லேப்டாப்பில் அது சுற்றுவதை வெகுநேரம் பார்த்தார். சிவப்பு எங்கும் இல்லை.

“யாரு செஞ்சது?”

“வெளிய நிக்கிறது நான் செஞ்சது. உள்ள நிக்கிறது எம்பொண்ணு செஞ்சது” என்றார் முனிசாமி. பேரம் பேசும்போது குனியும் அந்தத் தலை இன்று குனியவில்லை.

தேவிப்ரியா தலைவர் பக்கம் திரும்பினாள். சொன்னாள்: “உள்ள எல்லாத் தொட்டில்லயும் ஆளு ஏறிட்டாங்க பெரியப்பா. வெளியதான் இன்னும் யாரும் ஏறல.”

குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலியாணசுந்தரம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடியில் நின்ற தொட்டிலை நோக்கி நடந்தார்.