கொடியில் போடாத துணி

கடையில் தம்பி மனைவி தோள்வரைக்கும் கையை வாஷிங் மெஷினுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். விற்பனையாளர் பக்கத்தில் பணிவாகக் குனிந்து நின்றார். அவள் நாத்தனாரான பெரியவள் ஃபிரிட்ஜ் ஒன்றின் மேல் சாய்ந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டபுள் பெட்ஷீட் ஒரே தடவைல எத்தனை போடலாம்?"

"நாலு தாராளமா போடலாம் மேடம். போன தடவை வந்தப்பவே சொன்னேனே."

கை உள்ளேயே ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. அவள் பெரியவள் பக்கம் திரும்பவில்லை.

அப்படியானால் முன்பே வந்து பார்த்து வைத்திருக்கிறாள். காலையில் அப்பா எழுந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "ரெண்டு பேரும் போயி ஒரு வாஷிங் மெஷினும் டிரையரும் பாத்துட்டு வாங்க. இன்னைக்கே" என்றபோது, அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவளைப் போலத் தலையாட்டினாளே.

பெரியவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் வேலை. எரிந்துபோன கடை, காணாமல் போன நகை, படிக்கட்டில் வழுக்கிய கால் என்று மேசைக்கு வருகிற எல்லாவற்றையும் முதலில் பொய் என்று வைத்துக்கொண்டு படிக்கிற வேலை. ஆனால் வேலையால் வந்த குணம் என்று சொல்ல முடியாது. அவள் பள்ளிக்கூடம் போகும்போதே தம்பி அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்துவிட்டான்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி மாதக் கணக்குத்தான் என்று தம்பி போனில் சொன்னதும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்ததிலிருந்தே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. அவள் அப்பாவின் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் வந்தால், "நீங்க போய் டீ போட்டுக் குடிங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று கதவு சாத்தப்படும். மூக்கைத் துளைக்கிற அளவுக்கு ஃபினாயில். பால்கனியை ஒட்டிய சின்ன அறைக்குப் பூட்டு, சாவி தம்பி மனைவியின் கழுத்துச் சங்கிலியில். பூட்டிய அறைக்குள் ஃபேன் ஓடுகிற சத்தம். கேட்டதற்கு, "பழைய சாமான் அண்ணி, பூச்சி வருது" என்றாள். பூச்சிக்கு ஃபேன் போட்டுவிடுகிற வீட்டைப் பெரியவள் அப்போதுதான் பார்த்தாள்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அம்மாவின் பெட்ஷீட்டுகள் எங்கே? அம்மா இருந்தவரை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அந்துருண்டை போட்டு அடுக்கிய கெட்டிப் பருத்தி விரிப்புகள். பீரோவின் மேல்தட்டு முழுக்க இருந்தவை. நேற்றுத் திறந்தால் தட்டு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பெரியவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தயார் செய்துகொள்வார்கள்.

அப்பாவும் முன்பு மாதிரி இல்லை. என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதற்கு முன் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த சாட்சிகள் அப்படித்தான் வக்கீலைப் பார்ப்பார்கள். ஒரு விசிலில் மைதானம் முழுக்க நிற்கவைத்த பி.டி. மாஸ்டர் அவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மழைக்காலத்தில்கூட அந்தப் பேண்ட்டில் ஒரு சேற்றுப்பொட்டை யாரும் பார்த்ததில்லை. அந்த மனிதர் மருமகளிடம் கண்ணால் அனுமதி கேட்பதென்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தம்பி மனைவி இப்போது டிரையர்களின் பக்கம் போயிருந்தாள்.

"முடிஞ்சதும் இது பாட்டுப் பாடுமாமே. அதை நிறுத்த முடியுமா?"

"முடியும் மேடம்."

"ஓடுறப்ப பக்கத்து ரூமுக்குச் சத்தம் கேக்குமா?"

"யாருக்குக் கேக்கக் கூடாது?" என்றாள் பெரியவள்.

"சும்மாத்தான் கேட்டேன் அண்ணி."

"வாஷிங் மெஷின் சரி. பழசு ரிப்பேர்னு நானே பாத்தேன். டிரையர் எதுக்கு? பால்கனில வெயில் காயுது. வீட்ல இருக்கறது மூணு பேரு."

"மாமா வாங்கச் சொன்னாரு."

"சொன்னாரா, சொல்ல வச்சியா?"

விற்பனையாளர் தள்ளியிருந்த இன்னொரு மெஷினில் இல்லாத தூசியைத் துடைக்கப் போனார். தம்பி மனைவியின் கழுத்தில் சிவப்பு ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் அண்ணி" என்று முடித்துக்கொண்டாள்.

"வீட்ல எங்க பேசறது? நான் வந்தாத்தான் எல்லாரும் ஊமையாயிடறீங்களே."

பதில் வருவதற்குள் பெரியவளின் போன் அடித்தது. தம்பி. அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"அக்கா, கெளம்பி வாங்க. அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கீழ் வீட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கேன்."

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, போகிற டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவியைக் காணோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விற்பனையாளரிடம் கார்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடைக் கதவைத் திறந்து ஓடிவரும்போது, "இன்னைக்கே அனுப்பிடுங்க, மறந்துடாதீங்க" என்று கடைசியாகச் சொன்னது பெரியவளின் காதில் தெளிவாக விழுந்தது.

டாக்சியில் வழி முழுக்கப் பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல் கைப்பையை நடுவில் வைத்திருந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையை அசைத்த விதத்தைப் பார்த்துப் பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க கெளம்பினதும் தூங்கப் போறேன்னாரு" என்றான் தம்பி. "நான் பேப்பர் படிச்சிட்டுப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அப்பா கழுத்துவரை போர்வையோடு, யார்மீதோ லேசாகக் கோபப்பட்டவர்போல் படுத்திருந்தார். பெரியவள் அவர் நெற்றியில் கை வைத்தாள். சூடு இன்னும் போகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அது எங்கேயோ பாதியில் நின்றது.

"அத்தை வந்துட்டிருக்காங்க" என்று தம்பி வாசல் பக்கம் பார்த்தான்.

அதைக் கேட்டதும் தம்பி மனைவி சட்டென்று அறைக்குள் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "அண்ணி, கொஞ்சம் வெளிய இருங்க. அவங்க வர்றதுக்குள்ள துணி மாத்திடறேன்."

"நான் இங்கதான் இருப்பேன்."

"அக்கா, வா" என்று தம்பி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். தலையணைக்கு அடியில் பீரோச் சாவி இருப்பதும், அப்பாவின் விரலில் அம்மா போட்ட மோதிரம் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"இவ்வளவு நாள் வெளிய அனுப்பினீங்க. போனேன். இனிமே எதுக்குப் போகணும்?"

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தம்பி மனைவி போர்வையை விலக்கினாள். பெரியவளின் கண் முதலில் மோதிரத்துக்குத்தான் போனது. அது விரலிலேயே இருந்தது. அதன் பிறகுதான் மற்றதைப் பார்த்தாள். வாடை அதற்கும் பிறகு வந்தது. அப்பாவுக்குக் கீழே இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்து, கறையாகிக் கிடந்தது, அம்மாவின் நீலக்கரை பெட்ஷீட்.

தம்பி மனைவி வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து, பிழிந்து, துடைத்தாள். அவள் கை எங்கும் தயங்கவில்லை.

"அந்தப் பக்கம் தோளைப் பிடிங்க அண்ணி. மெதுவா உங்க பக்கம் சாய்ச்சுக்கங்க."

பெரியவள் பிடித்துச் சாய்த்துக்கொண்டாள். அப்பா இவ்வளவு இலேசாகியிருப்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் போட்டு முடித்ததும், தம்பி மனைவி நனைந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையைத் திறந்தாள். பெரியவள் பின்னாலேயே போனாள். சுவருக்குச் சுவர் கயிறு. நுழைய இடமில்லாமல் பெட்ஷீட்டுகள். அம்மாவுடையவை அத்தனையும். ஃபேன் ஓடியும் ஈரம் போகாத காற்று. மூலையில் ஒரு மேசையில் இஸ்திரிப் பெட்டி, பாதி தேய்த்த விரிப்பின் மேல்.

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து. டயப்பர் வாங்கிட்டு வந்தோம். அதைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. இதைக் கட்டினா சோறு திங்க மாட்டேன்னாரு. ரெண்டு நாள் திங்கவும் இல்ல." அவள் மேசை விளிம்பில் சாய்ந்தாள். "பால்கனில காயப்போட்டா எதிர்வரிசை வீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும், தினம் மூணு பெட்ஷீட் தொங்கினா என்னன்னு கேக்க மாட்டாங்களான்னாரு. அவர்கிட்டப் படிச்சவங்கதான் பாதிப் பேரு அங்க. அதான் டிரையர்."

"இன்னைக்கே அனுப்புன்னு சொன்னியே, அந்த நேரத்துல."

"சாவாருன்னு நெனைக்கல அண்ணி. வந்துடும் மாமா, சாயங்காலம் வந்துடும்னு போய்ச் சொல்லணும்னுதான் நெனைச்சேன்." இரண்டு கைகளையும் விரித்தாள். "எனக்கும் வேணும்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். கையைப் பாருங்க."

விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, பிளீச்சில் வெளுத்திருந்தது.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் என்ன எதிர்வரிசையா?"

தம்பி மனைவி கயிற்றில் ஒரு விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"யாருக்குத் தெரிஞ்சாலும் பெரியவளுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. ஏன் மாமான்னு கேட்டேன். அது அவளுக்குத் தெரியும்னாரு. அதுக்கு மேல சொல்லல."

பெரியவளுக்குத் தெரிந்தது. நாலாம் வகுப்புவரை அவள் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அடித்ததில்லை. காலையில் அந்த நனைந்த பாயையும் விரிப்பையும் அவளே சுமந்துபோய் வாசல் பக்கத்துக் கொடியில் போட வேண்டும். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில். அவள் போட்டு முடிக்கும்வரை அவர் வாசலில் கைகட்டி நின்று பார்ப்பார். அது ஒரு பயிற்சி என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா உள்ளே போய்விடுவாள். பெரியவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா அதை மறந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஹாலில் அத்தையின் குரல் கேட்டது. தம்பி மனைவி அறையைப் பூட்டினாள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். அப்பாவிடம் படித்தவர்கள், நரைத்த தலையோடு, அவர் கால்மாட்டில் முதுகை நிமிர்த்தி நின்றுவிட்டுப் போனார்கள். படுக்கையிலும் மாஸ்டர் எவ்வளவு சுத்தம் என்று ஒருவர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தகனம் முடிந்து குடும்பத்தார் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது கீழே கடையின் வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் பெரிய அட்டைப்பெட்டிகளை மாடிவரை தூக்கிவந்து, வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"நல்லா இருக்கு" என்றாள் அத்தை. "என் அண்ணன் போன அன்னைக்கே வீட்டுக்குச் சாமான் வருதா? யார் வரச் சொன்னது?" கேள்வி பொதுவாக இருந்தது. பார்வை தம்பி மனைவிமேல் இருந்தது.

"திருப்பி அனுப்பிடறேன்" என்று தம்பி எழுந்தான்.

"உள்ள கொண்டு வாங்க" என்றாள் பெரியவள், அந்த ஆட்களிடம்.

பழைய மெஷினை நகர்த்தி, குழாயை மாட்டி, மட்டம் பார்த்தார்கள். அத்தை சமையலறை வழியாக வந்து நிலைப்படியில் நின்றுகொண்டாள். எதையும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டணும்மா. ஏதாவது துணி குடுங்க" என்றார் மெஷின் மாட்டியவர்.

தம்பி மனைவி அசையவில்லை. பெரியவள் அவளிடம் கையை நீட்டினாள். அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பெரியவள் அறையைத் திறந்து, காலையில் சுருட்டி வைத்ததை வாளியோடு எடுத்துவந்தாள். குனிந்து மெஷினுக்குள் வைக்கும்போது நீலக்கரை ஒரு பக்கம் விரிந்து தொங்கியது. உள்ளே தள்ளினாள்.

அத்தை மூக்கைக் கையால் மூடிக்கொண்டாள். "என்னடி வாடை இது? யாரோட துணி?"

"என்னோடது அத்தை."

"உன்னோடதா?"

"ஆமா. எனக்கு ஒடம்பு சரியில்ல."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. பெரியவள் கதவை அழுத்தி மூடினாள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. தம்பி மனைவி பக்கத்தில் வந்து, அவள் விரலுக்கு மேலாகவே தன் விரலை வைத்து அழுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.