ஆறடி முகம்

மனித குலம் எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு இது: சிமெண்டுக் கிடங்கின் ஓய்வுபெற்ற மேலாளர், தமது முகத்தை வரவேற்பறையில் ஆறடி உயரத்துக்கு மாட்டிய மறுநாள் காலையிலிருந்து, பத்தடிக்குள் வந்தவர்களுக்கு வெறும் புள்ளிகளாகத் தெரியலானார். சாம்பலும் பழுப்புமான புள்ளிகள். பத்தடிக்கு அப்பால் போனால் வழக்கம்போல மேலாளர்.

எல்லாம் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தால் வந்தது. ஓய்வுக்குப் பிறகு தெருவில் யாரும் வணக்கம் வைக்காததால், வீட்டுக்கு வருகிறவர்களாவது வைக்கட்டும் என்று சுவர் நிறையத் தம்மைத் தொங்கவிட முடிவுசெய்தார். மற்ற படங்களிலெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று கெடுத்திருந்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த அந்தப் பொடிப் படத்தில் மட்டும்தான் அவர் தனியாக, தலைமுடியோடு இருந்தார்.

ஸ்டுடியோக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், இது நாலுக்கு ஆறு இன்ச் வரைக்கும் நிக்கும். ஆறடிக்கு இழுத்தா புள்ளி புள்ளியா உடைஞ்சிரும்."

"என் முகம் தாங்கும்யா. நீ போடு."

பணம் கொடுக்கிறவர் முகம் எதையும் தாங்கும் என்பதில் ஸ்டுடியோக்காரருக்கும் ஆட்சேபம் இல்லை. மேலாளர் படத்துக்கான மரச்சட்டத்தை முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டார். உயரம் சரி, அகலம் போதவில்லை. படத்தை அதற்குள் திணிக்க இரண்டு காதுகளையும் வெட்டவேண்டி வந்தது. யார் சொல்வதையும் கேட்டுப் பழக்கமில்லாதவருக்கு அது ஒரு நஷ்டமாகவே படவில்லை.

வரவேற்பறைச் சுவரின் ஆணியில் அதுவரை நாலுக்கு ஆறில் ஒரு படம் தொங்கியது. மகளுக்கு முன்பல் விழுந்திருந்த வயதில், அவளும் அம்மாவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் படம். மகள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு, அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் மேலாளரின் மனைவி காலைக் காபியைக் குடிப்பாள்.

"அதை எதுக்குங்க கழட்டறீங்க? அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே."

"என் பக்கத்துல அது கொசு மாதிரி இருக்கும். பாக்கறவன் என்ன நினைப்பான்?"

படம் துணி அலமாரிக்குப் போனது. காபி ஆறத் தொடங்கியது.

வரவேற்பறையோ எட்டடி. உள்ளே நின்று சுவரைப் பார்த்தால் ஒரு மூக்குத் துவாரம் புலப்பட்டது. அவரைப் பார்த்தால் அதுவும் இல்லை. சவரம் செய்ய வந்தவர் எந்தப் புள்ளியில் கத்தியை வைப்பது என்று விளங்காமல் திரும்பிப் போனார். டாக்டர் தெருவில் நின்றபடி நாக்கை நீட்டச் சொன்னார். மேலாளர் அசரவில்லை. "பெரிய மனுஷனைத் தள்ளி நின்னுதான் பாக்கணும்" என்று விளக்கம் சொல்லி, ஆறடிப் படத்தோடு மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தார். தெருவிலிருந்து பார்க்க இருவருமே கம்பீரமாக இருந்தார்கள். போகிறவர்கள் அண்ணாந்து வணக்கம் வைத்தார்கள். எது படம், எது ஆள் என்று யாரும் மெனக்கெடவில்லை.

அவர் மாடிப்படி ஏறிய சத்தம் அடங்குவதற்குள் மனைவி அலமாரியைத் திறந்து, சின்னப் படத்தைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டாள். அன்று காபி சூடாக இருந்தது.

விடுமுறைக்கு வந்த மகள் மாடிக்குப் போய்விட்டு, முகம் வெளிறி இறங்கி வந்தாள்.

"அம்மா, கிட்டப் போனா அப்பாவையே காணோம்!"

"தெருவுக்குப் போய்ப் பாருடி. அங்கேருந்து நல்லாத் தெரிவார்."

"உனக்கு ஒரு மாதிரியா இல்லையாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். முப்பது வருஷம் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.