ஐரோப்பாவுக்குச் சொன்னது

குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடிக் கோப்பையில் மாம்பழச் சாறு வந்ததும் கங்கையா அதைத் தள்ளி வைத்தார். நான்கு நாளாக அந்த வாசனையில்தான் கிடந்தார். சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஃபாக்டரி வாசலில், கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற டிராக்டர் வரிசையில், அவருடைய தோத்தாபுரி மாங்காய்களும் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. காலையில் ஃபாக்டரி மேனேஜர் அஷ்வின் வந்து, ஓட்டல் கூட்டமொன்றில் பேச அவரை மட்டும் காரில் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிவந்துவிட்டான். நரைத்த மீசையும் வேட்டியுமாக, பார்க்க விவசாயி மாதிரியே இருக்கிறாராம். மனைவி வெங்கடலட்சுமி வண்டிக்குக் காவல்.

“ரெண்டே நிமிஷம், கங்கையா காரு. எழுதிக் குடுத்ததைச் சொன்னா சாலு. இன்னிக்கே உங்க வண்டி உள்ள போயிடும்” என்றான் அஷ்வின்.

கொரோனாவுக்குப் பிறகு உலக அதிகாரப் போட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு என்னவென்று ஓட்டல் மேடையில் ஒரு பேராசிரியர் தெலுங்கில் விளாசிக்கொண்டிருந்தார். அமெரிக்கா ஒரு பக்கம், சீனா ஒரு பக்கம் இழுக்க, நடுவில் ஐரோப்பாதான் தராசைப் பிடித்து நிற்கிறதாம். நோய் வந்தபோது அவனவன் தன் கதவைச் சாத்திக்கொண்டான், கூட்டாக நின்றவனே பிழைத்தான் என்றார். அந்த மகராசன் ஒருநாள் ஃபாக்டரி கேட்டில் வந்து நிற்கட்டுமே. ஐரோப்பாக்காரன் போன வருஷக் கூழையே இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லித்தான் இதே அஷ்வின் கேட்டைச் சாத்தினான்.

கொரோனாவில் விழுந்த மா விவசாயியை ஐரோப்பா கைதூக்கிவிட்டது என்று அஷ்வின் கொடுத்த காகிதத்தில் இருந்தது. போன வருஷம் வாங்க ஆளில்லாமல் ஒரு லோடை அப்படியே ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தவர் கங்கையா. கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதைவிடக் கேவலம், காரில் வரும்போதே அவர் அதை மனப்பாடம் செய்திருந்தது.

ஒரு சொல் பிசகாமல் சொன்னார். சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையிலிருந்த ஐரோப்பிய அம்மாள், மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டாள்: ஐரோப்பாவுக்கு நீங்களாக ஏதாவது சொல்ல வேண்டுமா? அஷ்வின் கண்ணெடுக்காமல் பார்த்தான். அழுகிய காய், ஏரிக்கரை, சாத்திய கேட் எல்லாம் கங்கையாவின் நாக்கு நுனிவரை வந்தன.

“நீங்கல்லாம் நல்லா இருக்கணும் மேடம்” என்றார். அந்தக் குரல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் வெங்கடலட்சுமி போன் செய்தாள்.

“ஏங்க, வண்டி உள்ள போய்க்கினு கீது. நமக்கு முன்னால நின்ன பாலையா அண்ணன் வண்டியை ஒதுக்கிட்டு நம்மள உட்டாங்க. அவுரு லோடுல அடியெல்லாம் அழுவிப்போச்சு. எப்படிம்மா போறீங்கன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?”

பாலையா அதே ஊர்க்காரர். கொரோனாவில் கங்கையா வீடு மொத்தமும் படுத்துக் கிடந்தபோது, தினமும் வாசலில் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தவர்.

“இப்படிக் குடும்மா” என்று பாலையா கேட்பது காதில் விழுந்தது. போன் கைமாறியது. திட்டுவார் என்று கங்கையா பல்லைக் கடித்துக்கொண்டார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“கங்கையா, யாரைப்பா புடிச்ச?” பாலையாவின் குரல் கெஞ்சியது. “என்னையும் கொஞ்சம் சொல்லி உடேன்.”

உள்ளே அடுத்த ஆளுக்குக் கைதட்டினார்கள். கங்கையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வழுக்கி வழுக்கி விழுந்த சால்வையை இழுத்து இழுத்துத் தோளில் போட்டபடி நின்றார்.