பிறந்த வீட்டுக் கோடி

கொச்சங்காடிச் சந்து முனையிலேயே பாக்கியலக்ஷ்மியின் கால்கள் நின்றுவிட்டன. மலையாளத்து மாமியார் கார்த்தியாயினிதான் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“நடக்கு மோளே. மரிச்சது நின்றெ அச்சனல்லே? ஆரெயா பேடி?”

செத்தது அப்பாதான். யாரைக் கண்டு பயமா? பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாவைக் கண்டுதான். மகள் கும்பளங்கிக்காரன் சுகுணனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, ‘எனக்கு மகளும் கிடையாது, சம்பந்தியும் கிடையாது’ என்று தெருவே கேட்கச் சொன்னவள் மாயம்மாள். சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷி.

அப்பா ராசப்பன் அந்த ரகமில்லை. மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்துவிட்டு, யூனியன் கூட்டம் என்று வீட்டில் ஒரு புளுகு புளுகிவிட்டு, காயல் தாண்டிக் கும்பளங்கிக்கு வந்து மகள் கையால் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டுப் போவார். இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அண்ணி சந்தனமாரிதான் மாயம்மாளுக்குத் தெரியாமல் ஆள் அனுப்பியிருந்தாள். சுகுணன் மஸ்கட்டில் இருந்தான். அப்பா இருந்தவரை பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஏதோ மிச்சமிருந்தது. இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் அம்மா ‘போடி’ என்றுவிட்டால் அதுவும் போச்சு.

கூட்டம் விலகி வழிவிட்டது. மாயம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பின்னால் ரவிக்கையும் முண்டுமாக நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

பாக்கியலக்ஷ்மி அப்பாவின் காலடியில் விழுந்து கதறினாள். ஐயோ, இந்தப் பாவி மனுஷன் இனி எந்தப் புளுகைச் சொல்லிக்கொண்டு வருவார்?

“பொழுது சாயுது பிச்சைமணி. தூக்கலாம்ல?” என்றார் முத்துராமலிங்கம். எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நின்று முறை சொல்லும் பெரியவர்.

“அம்மாவுக்குக் கோடி வரலியே மாமா,” என்றான் அண்ணன் பிச்சைமணி.

“எங்கேருந்து வரும்? இருந்தது ஒத்தத் தம்பி. அவனும் போய்ச் சேந்துட்டான். இனி யாரு இருக்கா கொண்டார?”

புருஷனைத் தூக்குவதற்குமுன் பிறந்த வீட்டார் வந்து பெண்டாட்டியின் தோளில் புதுச்சேலை போர்த்த வேண்டும். அவன் போனாலும் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம் அது. அது வராதவள் நாதியற்றவள். மாயம்மாள் எதுவும் காதில் விழாதவளைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் குனியாத அந்தத் தலை குனிந்திருந்தது.

கார்த்தியாயினி கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அவர்கள் வழக்கப்படி பிணத்தின்மேல் போர்த்த வெள்ளை முண்டு வாங்கியிருப்பாள் என்றே பாக்கியலக்ஷ்மி நினைத்திருந்தாள். உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு நூல்சேலை. ‘அம்மே’ என்று அவள் எழுவதற்குள் கார்த்தியாயினி அதை உதறி மாயம்மாளின் தோளில் போர்த்திவிட்டாள்.

ஒப்பாரி சட்டென்று நின்றது.

“ஏய், எடும்மா அத!” முத்துராமலிங்கம் பதறினார். “பொறந்த வீட்டு மொறையச் சம்பந்தி செய்றதா? நல்ல கூத்தா இருக்கே!”

“எந்தா மோளே, தெற்றிப் போயோ?” தப்பாகிவிட்டதோ என்று கார்த்தியாயினி விழித்தாள். இஞ்சி சுரண்டும் வேலைக்கு இந்தப் பக்கம் வந்துபோன காலத்தில் ஒரு தமிழர் வீட்டுச் சாவில் பார்த்திருக்கிறாள். துக்கத்துக்கு வருகிற எல்லாருமே இப்படித்தான் போர்த்துவார்கள் என்று நினைத்துவிட்டாளாம்.

பிச்சைமணி சேலையை எடுக்கக் குனிந்தான்.

“கைய எடுடா,” என்றாள் மாயம்மாள். புதுச்சேலையின் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “மொறை பேச இத்தன பேரு வந்தீங்களே, ஒரு முழத் துணி கொண்டாந்தீங்களா?”

“அதுக்கில்ல மாயம்மா. கோடி போட்டவ உனக்குப் பொறந்த வீடாயிருவா. காரியம் முடிஞ்சதும் உன்னையக் கூட்டிட்டுப் போயி கொஞ்ச நாளு வச்சுக்கிடணும். கும்பளங்கிக்குப் போவியாக்கும் நீ?” கிண்டலாகத்தான் கேட்டார் பெரியவர்.

பாக்கியலக்ஷ்மி திரும்பினாள். அம்மாவின் வாயையே பார்த்தாள்.

கார்த்தியாயினிக்குப் பாதி புரிந்ததே போதுமாயிருந்தது. “அதினெந்தா? கொண்டுபோகாமல்லோ,” என்றாள், கூட்டிக்கொண்டு போனால் போயிற்று என்கிற மாதிரி.

மாயம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“வள்ளத்துலயா போகணும்?”

“வள்ளத்தில் தன்னெ.”

“எனக்குத் தண்ணியப் பாத்தாலே தலை சுத்தும்.”

“ஞான் பிடிச்சோளாம், சேச்சி.” அக்கா என்றே கூப்பிட்டு, பிடித்துக்கொள்வதாகக் கையை நீட்டிக் காட்டினாள் கார்த்தியாயினி.

பாடையைத் தூக்க ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மாயம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி பாக்கியம், ஒம் மாமியா நின்னுக்கிட்டே இருக்கா. ஒக்காரச் சொல்லு.”

பாயில் மூன்று பேருக்கு இடம் போதவில்லை. மாயம்மாள் சற்று நகர்ந்துகொண்டாள்.